மரமும் இரும்பும்

அதியமான் நெடுமான் அஞ்சியின் ஆற்றலைப் பகைவர்க்கு எடுத்துரைக்கப் புகுந்த ஔவையார், வேலையும் வாளையும் உவமையாகக் கொள்ளவில்லை. நாள் ஒன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் முயன்று செய்த ஒற்றைத் தேர்க்காலையே உவமையாகக் கொண்டார். புறநானூற்றின் 87ஆம் பாட்டு இது. வகுப்பறையில் இப்பாட்டைக் கேட்கும் மாணவர் மனத்தில் அதியமான் நின்றுவிடுகிறான், தச்சன் மறைந்துவிடுகிறான். போர்க்கருவிகளின் வரலாற்றை எழுதியோரும் பெரும்பாலும் அவ்வாறே செய்துள்ளனர். வேந்தனை எழுதினர், படைத்தலைவனை எழுதினர், குழலையும் குண்டையும் எழுதினர். குழல் படுத்திருக்கும் மரத்தை எழுதினார் மிகச் சிலரே. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருபது ஆண்டுக் காலம் அச்சத்தையும் நம்பிக்கையையும் மாறிமாறி விளைத்த ஒரு துப்பாக்கியின் கதையை, அதன் மரத்திலிருந்து தொடங்குவது பொருந்தும்.

அத்துப்பாக்கியின் பெயர் லீ என்ஃபீல்டு. ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பார் வகுத்த பொறியமைப்பும், இலண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்னுமிடத்தில் இருந்த அரசாங்க ஆயுத ஆலையில் வகுத்த குழலும் சேர்ந்து 1895ஆம் ஆண்டில் இப்பெயர் பெற்றன. 1907ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் வகையே பிரிட்டிசுப் பேரரசின் படைகள் பலவற்றுக்கும் பொதுக்கருவியாயிற்று. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் பெட்டி; எட்டரை இராத்தலுக்குச் சற்று மேற்பட்ட எடை, அதாவது ஏறத்தாழ நான்கு கிலோ; 25 அங்குலக் குழல். இவை எந்நூலிலும் காணக் கிடைப்பவை. இனிச் சொல்லப்படுவது அத்தனை எளிதில் கிடைப்பதன்று.

இதன் கட்டை ஒரே மரத்தால் ஆனதன்று; இரண்டு துண்டு. தோளில் பதியும் பின்கட்டை ஒன்று. குழலை ஏந்தி நிற்கும் முன்கட்டை மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே இரும்புக் கூடு. பின்கட்டையின் உள்ளே நீளவாக்கில் துளைத்துச் செல்லும் ஒரு நெடிய போல்ட்டு அதனைக் கூட்டோடு இறுக்கிப் பிடிக்கும். அந்தப் போல்ட்டின் முனை சதுரமானது. அது முன்கட்டையின் பின்முனையிலுள்ள தகட்டில் செருகி நிற்கும். எனவே முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையைத் திருகிக் கழற்ற முற்பட்டால் முன்கட்டை பிளந்துபோகும். கருவியை அறியாத கையால் உடைந்துபோன முன்கட்டைகள் எண்ணில. எதை முதலில் கழற்ற வேண்டும் என்பதே படைக்கலக் கம்மியர் தம் மாணாக்கர்க்குச் சொல்லிக் கொடுத்த முதற்பாடங்களுள் ஒன்று.

மரம் இரும்பைத் தாங்குவது மட்டும் செய்தால் இவ்வளவு கவலை எதற்கு? விடை, சுடும் அந்த ஒரு நொடியில் இருக்கிறது. வெடிமருந்து பற்றியதும் குழல் அசையாமல் நிற்பதில்லை. வீணைத் தந்தியைப் போல அதிர்கிறது. குண்டு குழலைக் கடக்க ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியே ஆகும். அந்த இமைப்பொழுதுக்குள் குழலின் முனை எத்திசையில் வளைந்திருக்கிறதோ அத்திசையிலேயே குண்டு புறப்படும். ஒவ்வொரு முறையும் ஒரே வகையாக அதிர்ந்தால் குண்டுகள் ஓரிடத்தில் விழும். மரம் ஒருநாள் இடப்புறம் உரசி, மறுநாள் வலப்புறம் உரசினால், எத்தகைய கூர்ங்கண்ணன் சுட்டாலும் குண்டுகள் சிதறும். நூறு கசத்தில் ஓர் அங்குலம் விலகும் பிழை, அறுநூறு கசத்தில் ஆறு அங்குலமாகும். இரும்பு மரத்தில் எவ்வித ஆட்டமும் இன்றி, எவ்விதத் திணிப்பும் இன்றிப் படிந்து உட்காரும் நிலையைத் தச்சர் வழக்கிலேயே படிமானம் எனலாம். துப்பாக்கியின் குறி தவறாமை என்பது பாதி குழலில் இருக்கிறது. மறுபாதி இந்தப் படிமானத்தில் இருக்கிறது.

படிமானம் செய்யும் முறை பழையது, பொறுமையை வேண்டுவது. இரும்பின் அடிப்பாகத்தில் எண்ணெயில் குழைத்த கரியை மெல்லியதாகப் பூசுவர். முன்கட்டையில் வைத்து அழுத்தி எடுப்பர். மரத்தில் கரி ஒட்டிய இடம் மேடு. அந்த மேட்டை மட்டும் உளியால் சீவுவர். மீண்டும் பூசுவர், மீண்டும் அழுத்துவர், மீண்டும் சீவுவர். கரி எங்கும் ஒரே சீராகப் படியும் வரை இது நிகழும். ஒரு முறை மிகுதியாகச் சீவிவிட்டால் அதை மீட்க வழியில்லை. அங்கு மெல்லிய மரத்துண்டை ஒட்டி மறுபடியும் தொடங்க வேண்டும்.

எல்லா இடத்திலும் ஒரே அளவு படிய வேண்டும் என்பதும் இல்லை. லீ என்ஃபீல்டின் முன்கட்டையில், சுடும்போது பின்னோக்கிப் பாயும் உதைப்பை ஏற்கும் இரண்டு முகப்புகள் பின்புறம் உண்டு. இவ்விரண்டும் இரும்பை ஒரே நேரத்தில், ஒரே அளவில் தொட வேண்டும். ஒன்று மட்டும் தொட்டால், ஒவ்வொரு உதைப்புக்கும் துப்பாக்கி ஒரு பக்கம் திரும்பும்; நாளடைவில் மரமும் நசுங்கும். நடுவே திருகாணி இறுகும் இடத்தில் மரம் நசுங்காதபடி ஒரு சிறு இரும்பு வளையம் வைக்கப்பட்டிருக்கும். முன்முனையிலோ ஒரு சிறு வில்லும் குமிழும் குழலை மேல்நோக்கி மெல்ல உந்திக்கொண்டிருக்கும். இரண்டாம் உலகப் போரில் வந்த நான்காம் எண் துப்பாக்கியில் அந்த வில் இல்லை. மரமே குழலை உந்த வேண்டும். அந்த உந்தல் 2 முதல் 7 இராத்தலுக்குள் இருத்தல் வேண்டும் என்பது விதி. மரத்துக்கு இராத்தல் கணக்கு வகுத்த விதி இது!

இவ்வேலையில் பெயர்பெற்றோர் இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதிடலை அடுத்திருந்த ஃபுல்டன் குடும்பத்தார். ஆர்தர் ஃபுல்டன் 1912, 1926, 1931 ஆகிய மூன்று ஆண்டுகளில் மன்னர் பரிசை வென்றவர். அவர் கடையில் செம்மை செய்யப்பட்ட துப்பாக்கிகளில் அச்செய்தி பொறிக்கப்பட்டிருக்கும். போட்டிக்காரர்கள் அம்முத்திரையைத் தேடி வாங்கினர். வென்றவரும் மரத்தைச் சீவியவரும் ஒருவராகவே இருந்த அரிய நிகழ்ச்சி இது. அதனாலேயே அவர் பெயர் நிலைத்தது போலும்.

இச்சாப்பூரில் இதே வேலையைச் செய்தோர் பெயர் ஒன்றும் நிலைக்கவில்லை. கல்கத்தாவுக்கு வடக்கே ஊக்ளி ஆற்றங்கரையில் 1904ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது இச்சாப்பூர்த் துப்பாக்கி ஆலை. இந்தியப் படையின் லீ என்ஃபீல்டுகள் இங்கே செய்யப்பட்டன. அக்ரோட்டு மரத்தை அறுத்து, உலர்த்தி, கடைந்து, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துக் கட்டைகளை ஆக்கினர். இந்திய வெயிலிலும் மழையிலும் முன்கட்டைகள் பிளப்பதைக் கண்டு, மரத்தின் குறுக்கே ஒரு திருகாணியைச் செலுத்தி வலுவூட்டினர். இன்றும் துப்பாக்கி ஆய்வாளர்கள் அதனை இச்சாப்பூர்த் திருகாணி என்றே அழைக்கின்றனர். ஆத்திரேலியாவின் லித்கோ ஆலையார் தம் நாட்டு மரம் மென்மையானது என்பதை உணர்ந்து, உதைப்பை ஏற்கும் முகப்புகளில் செப்புத் துண்டுகளைப் பதித்தனர். என்ஃபீல்டில் வரைந்த படம் ஒன்றே. ஆயினும் மரமும் மழையும் மாறிய இடமெல்லாம் கம்மியரின் கை அப்படத்தைத் திருத்திக்கொண்டது.

மலாயாவின் காற்றோ மரத்துக்குப் பெரும்பகை. ஆண்டு முழுதும் ஈரம் குறையாத நாடு இது. காலையில் பெரட்டுக்களத்தில் பனி. நண்பகலில் கொளுத்தும் வெயில். மாலையில் இடியுடன் மழை. மரம் ஈரத்தை ஏற்றால் நாரின் குறுக்கே பருக்கும், உலர்ந்தால் சுருங்கும். பள்ளிக்கூடத்து மேசையின் இழுப்பறை மழைக்காலத்தில் திறக்க மறுப்பதைக் கண்ட மாணவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. முன்கட்டை ஒரு நூலளவு பருத்தாலும் குழலைத் தொடக்கூடாத இடத்தில் தொடும். மற்றொன்றும் உண்டு. பழைய லீ என்ஃபீல்டில் விசைவில் இரும்புக் கூட்டில் தொங்குவதில்லை. மரத்தின் அடியிலுள்ள காப்புத் தகட்டில் தொங்குகிறது. எனவே மரம் பருத்தால் விசையின் இழுப்பும் மாறும். நேற்று இழுத்த அதே விரல், இன்று வேறொரு துப்பாக்கியை இழுப்பது போலாகும்.

இத்தகைய கருவி கிள்ளான் வட்டாரத் தமிழரை எதிர்கொண்ட நாள் ஒன்று உண்டு. 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சீனத் தொழிலாளர்க்கு ஈடான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவை அவர்தம் கோரிக்கைகளுள் சில. வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் இழிவை நீக்க வேண்டும் என்பதும் ஒன்று. கூலியைக் காட்டிலும் இந்தக் கடைசிக் கோரிக்கையே அப்போராட்டத்தின் உள்ளத்தைக் காட்டுகிறது. வழிநடத்திய ஆர். எச். நாதன் மே மாதத் தொடக்கத்தில் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் கொதித்தெழுந்தனர். மே 16ஆம் நாள் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படையினர் வந்தனர், துப்பாக்கிகள் முழங்கின. தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

அந்நாளில் மலாயாவிலிருந்த இந்தியப் படையினர் ஏந்தியது இந்த லீ என்ஃபீல்டு வகைதான். அதன் மரத்தைச் சீவியோரும் இந்தியர். அதனை ஏந்தியோரும் இந்தியர். அதன் முன் நின்றோரும் இந்தியர். கரி பூசிச் சீவிய அத்தனை நுட்பமும் அன்று வேண்டியிருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அறுநூறு கசத்தில் குறி தவறாமைக்குப் படிமானம் வேண்டும். திரண்டு நிற்கும் கூட்டத்தை அருகிருந்து சுடுவதற்கு அது வேண்டியதில்லை.

ஏழு மாதங்கள் கடந்தன. 1941 டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் அவர் வசமாயிற்று. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. துரைமார் ஓடினர், அவர்தம் துப்பாக்கிகள் நின்றன. சரணடைந்த படைகளின் கிடங்குகளிலிருந்து கைப்பற்றப்பட்ட அந்தத் துப்பாக்கிகளே இந்திய தேசிய இராணுவத்தாரின் கைகளுக்கு வந்து சேர்ந்தன.

1943 சூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் அதே மாதத்தில் கோலாலம்பூர்த் திடலிலும் உரையாற்றினார். தோட்டங்களிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் முதலிய தொடர்வண்டிக் குடியிருப்புகளிலிருந்தும் தமிழர் பெருந்திரளாக இயக்கத்தில் சேர்ந்த காலம் அது. அவ்வுரையைக் கேட்டுத் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்த பதினெட்டு வயது மங்கை ஒருத்தி, பின்னர் ஜான்சி ராணிப் படையின் துணைத்தலைவியாக உயர்ந்தார். அவர் ஜானகி தேவர். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என நாடறிந்தவர். 2014ஆம் ஆண்டில் மறைந்தார். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் கேப்டன் இலட்சுமியின் தலைமையில் 1943 அக்டோபரில் தொடங்கிய அப்படையின் பெண்டிர், ஆடவரைப் போலவே துப்பாக்கிப் பயிற்சி பெற்றனர்.

பால்வாளி சுமந்த தோளுக்கு நான்கு கிலோ எடை பெரிதன்று. ஆயின் கட்டையின் நீளம் வேறு செய்தி. ஆங்கிலச் சிப்பாயின் கையளவே இத்துப்பாக்கிக்கு இயல்பான அளவு. அதனினும் அரை அங்குலம் நீண்ட பின்கட்டைக்கு எல் என்னும் எழுத்தும், அரை அங்குலம் குறுகியதற்கு எஸ் என்னும் எழுத்தும், ஓர் அங்குலம் குறுகியதற்கு பி என்னும் எழுத்தும் பொறிக்கப்பட்டன. இக்கடைசி வகை, முதல் உலகப் போரில் குள்ளமானவர்களைக் கொண்டு திரட்டிய படைகளுக்காக வந்தது. ஆளுக்கேற்ற கட்டையைத் தேர்ந்து மாட்டுவது கம்மியர் கடமை. கைப்பற்றிய கருவிகளைக் கொண்டு நடந்த படைக்கு அத்தகைய தெரிவு எளிதாக இருந்திராது. பின்கட்டை நீளமானால் கன்னம் மரத்தில் சரியாகப் படியாது; கண் குறிக்கு நேர்வராது; தோள்பட்டையின் ஓரத்தில் உதைப்பு விழும். உதிரி மரம் என்ஃபீல்டிலிருந்தோ இச்சாப்பூரிலிருந்தோ வரும் வழியும் அடைபட்டிருந்தது. இந்திய தேசிய இராணுவம் உணவுக்கும் மருந்துக்கும் பட்ட பாடு பலராலும் எழுதப்பட்டுள்ளது. பர்மாவின் பருவமழையில் பருத்த முன்கட்டைகளைப் பற்றி எவரும் எழுதியதாகத் தோன்றவில்லை.

போர் முடிந்தது; அமைதி வரவில்லை. 1948 சூனில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீண்டது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. சிறப்புக் காவலர் துப்பாக்கியுடன் வாயிலில் நின்றனர். பால்மரக்காட்டுக்குச் செல்வோர் சோதிக்கப்பட்டே சென்றனர். ஒரு பிடிச் சோறும் வெளியே போகக்கூடாது என்பது கட்டளை.

இக்காலத்தில் மலாயாக் காடுகளில் பெரிதும் காணப்பட்டது ஐந்தாம் எண் லீ என்ஃபீல்டு. காட்டுக் குறுந்துப்பாக்கி என்பது இதன் வழக்குப்பெயர். காட்டுப் போருக்கென்றே 1944 முதல் 1947 வரை ஏறத்தாழ இரண்டரை இலட்சம் செய்யப்பட்டன. குழல் 20 அங்குலத்துக்குச் சற்று மேல். எடை ஏழு இராத்தலுக்குச் சற்று மேல். முன்கட்டை பாதியாகக் குறைக்கப்பட்டது. இரும்புக் கூட்டிலும் எடை குறையப் பள்ளங்கள் வெட்டப்பட்டன. முனையில் தீச்சுடரை மறைக்கும் கூம்பு. தோளில் ஒரு ரப்பர் அட்டை. கைக்கு அடக்கமான கருவி. காட்டுக்கொடிகளில் சிக்காமல் செல்லும். 1949 முதல் 1953 வரை சிலாங்கூரில் பணியாற்றிய சஃபோக் படைப்பிரிவினர் காஜாங் மலைகளிலும் கோலலங்காட் சதுப்பிலும் இதனை ஏந்தியே திரிந்தனர்.

ஆனால் இதற்கு ஒரு நோய் உண்டு என்று பேசப்பட்டது. இன்று நேர்செய்த குறி நாளை இருப்பதில்லை; காரணம் தெரியாமல் இடம் மாறிவிடுகிறது. ஆங்கிலேயர் இதனை அலையும் குறி என்றனர். நோயின் வேர் எது? முதலில் மரத்தின் மேல் பழி விழுந்தது. முன்கட்டையை மாற்றிப் பார்த்தனர். படிமானத்தை மாற்றிப் பார்த்தனர். நோய் தீர்ந்தபாடில்லை. எடை குறைக்க இரும்பில் வெட்டிய பள்ளங்களால் கூடே நெளிகிறது என்றனர் வேறு சிலர். துப்பாக்கியில் குறையே இல்லை, தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் புதுக்கருவியை வாங்க விரும்பிய அதிகாரிகள் இதனைக் கைவிடச் சொன்ன சாக்கே அது என்று வாதிடுவோரும் உளர். இவ்வழக்கு ஆய்வாளரிடையே இன்றும் ஓயவில்லை. இவற்றுள் கடைசி வாதம் கவர்ச்சியுடையது. ஆயினும் மரத்தையும் இரும்பையும் ஒருங்கே குறைத்த கருவி, ஈரக்காட்டில் பழைய உறுதியோடு நிற்கும் என எதிர்பார்ப்பது கம்மியர் எவரும் செய்யத் துணியாத செயல். 1947ஆம் ஆண்டோடு இதன் உற்பத்தி நின்றது. நின்ற பின்னரே, மலாயாவில் இதன் நீண்ட பணி தொடங்கியது என்பதுதான் வியப்பு.

மரத்தின் ஈரத்தை வெல்லும் வழியை வேறோரிடத்தில் கண்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் போட்டிச் சுடுநர், இரும்புக்கும் மரத்துக்கும் இடையே எபாக்சிப் பிசினையும் கண்ணாடி இழையையும் குழைத்து ஊற்றலாயினர். இரும்பில் மெழுகு பூசி அக்குழம்பின் மேல் அமர்த்தினால், இறுகியபின் இரும்பின் வார்ப்பே படுகையாக நிற்கும். கரி பூசிச் சீவும் நாள்கணக்கான வேலை ஓர் இரவில் முடிந்தது. ஈரத்தில் அது பருப்பதுமில்லை, உதைப்பில் நசுங்குவதுமில்லை. செந்தூல் தொடர்வண்டிப் பட்டறையில் பெட்டிகளின் மரச்சட்டத்தை இரும்புச் சட்டத்தோடு இழைத்துப் பொருத்திய தச்சர்களுக்கு இச்செய்தி எட்டியிருந்தால், அவர்கள் மகிழ்ந்திருப்பரோ வருந்தியிருப்பரோ, யார் அறிவார்!

மலேசியப் படை பின்னர் எம்.16 துப்பாக்கிக்கு மாறியது. அதன் கட்டை மரமன்று, வார்ப்புப்பொருள். 1990களில் ஆத்திரிய நாட்டு ஸ்டையர் துப்பாக்கி வந்தது. அதன் உடலே வார்ப்புப்பொருள். இத்துப்பாக்கியை உரிமம் பெற்றுச் செய்த ஆலை, சிலாங்கூரின் பத்து ஆராங்கில் உள்ளது. 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டிய ஊர் அது. சுரங்கத்தில் உழைத்தோருள் தமிழரும் இருந்தனர். அவ்வாலையில் குழலுக்கும் பொறிக்கும் கம்மியர் உண்டு. மரத்துக்கு உளி பிடிப்பார் எவரும் இல்லை.